ஷெஃபாலி கேட்டைத் தாண்டும்போது நிற்கிற படம்

சிவலிங்கத்துக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். வெளியே போகிறவனைப் பார்ப்பது. உள்ளே வருகிறவனைப் பார்க்க வேறு ஆள் உண்டு. அது லேசான வேலை. வீட்டிலிருந்து திருடிக்கொண்டு எவன் பட்டறைக்கு வரப்போகிறான்? வங்காளத்தில், கார்டன் ரீச் என்கிற இடத்தில் ஆற்றை ஒட்டி ஒரு கப்பல் பழுதுப் பட்டறை. அதன் பின் கேட்டில் சாயங்காலச் சங்கு ஊதியதும் கூட்டம் முட்டிக்கொண்டு வெளியேறும். அதில் எவன் வயிற்றில் செம்புக் கம்பியைச் சுற்றியிருக்கிறான், எவன் சோற்றுத் தூக்குக்கு அடியில் பித்தளைத் திருகு கிடக்கிறது என்று பார்த்த பார்வையிலேயே பிரித்து நிறுத்திவிடுவார்.

மூஞ்சியைப் பார்க்கவே மாட்டார். மூஞ்சி எப்படி வேண்டுமானாலும் நடிக்கும். அவர் பார்ப்பது நடையை. காலையில் கையை வீசிக்கொண்டு உள்ளே போனவன் சாயங்காலம் ஒரு தோளை இறக்கி, ஒரு காலை அழுத்தி வைத்து வந்தான் என்றால் உடம்பில் எங்கேயோ கனம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதுவும் கேட்டில் நின்றுகொண்டு பார்த்தால் பிடிபடாது. காவல்காரன் நிற்கிறான் என்று தெரிந்தால் எவனும் நிமிர்ந்து நடப்பான். அதனால் கேட்டுக்குப் பக்கத்துத் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, தகரத்தில் போட்ட ஓட்டை வழியாகப் பார்ப்பார். அந்த ஓட்டைக்குப் பட்டறையில் ஒரு பெயர் உண்டு. மதராஸி கண். சிவலிங்கத்தின் ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்று எத்தனை தரம் சொன்னாலும் வங்காளிக்கும் பீகாரிக்கும் அவர் மதராஸிதான்.

இரண்டு கட்டுப்பாடுகளை அவர் விட்டதே இல்லை. ஒன்று, பெண்பிள்ளைகளின் பையில் ஆண் கை போடக்கூடாது. பட்டறையில் துப்புரவு வேலைக்கு வருகிற பெண்கள் மேல் சந்தேகம் வந்தால் பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு பெண் காவலாள் இருப்பாள். அவள் பார்த்துவிட்டு "உண்டு" என்றால் உண்டு, "இல்லை" என்றால் இல்லை. அவள் சொன்னதற்கு மேல் பேச்சு கிடையாது. இரண்டாவது, தன் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் வெளியே போகக்கூடாது. கேட் காவல்காரன் வீட்டிலிருந்து பொட்டலம் போனால் ஊர் என்ன சொல்லும்? பட்டறைச் சாமான் என்றுதான் சொல்லும். இவர் பிடித்துக்கொடுத்த ஒவ்வொருவனும் அதற்குத்தான் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான்.

இரண்டாவது கட்டுப்பாட்டில் அடிபட்டது அவர் பெண்சாதி கோமதி. அவள் கைப் பக்குவம் அப்படி. இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி என்று அவள் வறுத்தால் தெருக்கோடியில் போகிறவன் நின்று மூக்கை உறிஞ்சுவான். கல்யாணமாகி வந்த புதிதில் அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளில் கேட்டார்கள், செய்து கொடுக்கிறேன் என்றாள். "என் வீட்டு வாசலைத் தாண்டி ஒரு குந்துமணி போவக்கூடாது" என்றுவிட்டார். அன்றோடு அந்தப் பேச்சு நின்றது. நின்றது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பெஹாலாவில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சொந்த வீடு வாங்கிக்கொண்டு வந்த பிறகும் கண் சும்மா இருக்கவில்லை. அதற்கு ஓய்வு ஊதியம் கிடையாதே. பால்காரன் கேனைச் சாய்க்கிற விதம், பூஜைக்குச் சந்தா கேட்டு வருகிற கிளப் பையன்கள் ரசீதைக் கிழிக்கிற விதம், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார். மாடி வீட்டு தத்தா பாபு இவரைக் கண்டால் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டிக்கொண்டு போவார்.

அப்படி இருக்கும்போதுதான் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் குறைந்தன.

காலி பாட்டில்களைக் கழுவிக் காயவைத்துப் பரணில் அடுக்குவது சிவலிங்கத்தின் பழக்கம். எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது, இருந்தால் ஆகும் என்பார். ஒரு நாள் ஏறிப் பார்த்தால் பின் வரிசை முழுக்கக் காணோம். முன் வரிசையை மட்டும் அப்படியே விட்டு, பின்னாலிருந்து உருவியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு பழைய சுறுசுறுப்பு வந்தது. தெரிந்தவன் செய்த வேலை. அப்புறம் சமையல் வாயு உருளை. முன்பெல்லாம் வருகிற அளவுக்கு வருவதில்லை, சீக்கிரம் கரைகிறது.

"கேஸ் எப்படிட்டி இவ்வளவு சீக்கிரம் தீருது?"

"நீங்க நாலு தரம் டீ கேக்கியளே, அது எதுல கொதிக்கும்?" என்றாள் கோமதி.

வீட்டுக்கு வந்து போகிற வெளியாள் ஒருத்திதான். ஷெஃபாலி. பாத்திரம் கழுவி, தரை துடைத்து, துணி அலசிப் போட்டுவிட்டு மத்தியானம் போவாள். நாற்பதைத் தாண்டியவள், புருஷன் இல்லை. கோமதியை மாஷிமா என்பாள், சிவலிங்கத்தை மேஷோமஷாய் என்பாள். நம் ஊரில் சித்தி, சித்தப்பா என்கிற மாதிரி. மாடியில் தத்தா வீட்டிலும் அவள்தான் வேலை. தோளில் எப்போதும் ஒரு நைலான் பை. சிவலிங்கம் ஜன்னல் வழியாக அவள் போவதை ஒரு தரம் கவனித்தார். வருகிறபோது ஆடுகிற பை போகிறபோது ஆடவில்லை. வலது தோள் இறங்கியிருந்தது. அவர் பார்ப்பது தெரிந்ததும் தோள் நிமிர்ந்துவிட்டது.

தகர ஓட்டை இருந்தால் தேவலை என்று அன்றைக்கு நினைத்தார்.

மகன் அர்ஜுனனுக்கு சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். அங்கேயே குடித்தனம். அவன் ஆபீஸ் வேலையாக சிங்கப்பூர் போய்விட்டு வந்தபோது ஒரு கேமரா வாங்கிவந்தான். கம்பியே வேண்டாம், வைஃபையில் ஓடும் என்றான். சமையலறைப் பின்கதவிலிருந்து இரும்பு கேட் வரை போகிற சந்து முழுக்கத் தெரிகிற மாதிரி மேலே மாட்டினான். முன் அறையில் அவனுடைய பழைய கம்ப்யூட்டர். அதில் படம். பக்கத்தில் ஷோகேஸ் மேல் வைஃபை பெட்டி. அதை ஒட்டி, மருமகள் ஸ்மிதா போன வருஷம் வாங்கித் தந்த கார்ட்லெஸ் போனின் தாங்கி. கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்துகொண்டே பேசலாம் என்று கோமதிக்கு அந்த போன் மேல் உயிர்.

"இனிமே யாரு வந்தாலும் போனாலும் நீங்க சேர்ல உக்காந்தே பார்க்கலாம்ப்பா. பிந்தாஸ், ஒரு கவலையும் இல்ல" என்றான் அர்ஜுனன்.

சிவலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தகர ஓட்டை திரும்பக் கிடைத்துவிட்டது.

காலையில் ஷெஃபாலி வந்தாள். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. கேட்டைத் தள்ளினாள், செருப்பைக் கழற்றினாள், பை ஆடியது. மத்தியானம் வேலை முடிந்து பின்கதவைத் திறந்து வெளியே காலை வைத்தாள். படம் நின்றது. ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில். அப்படியே நின்றவள், அப்புறம் திடீரென்று சந்தின் நடுவில் இருந்தாள். மறுபடி நின்றாள். அடுத்தது கேட்டுக்கு வெளியே முதுகு. நடுவில் நடந்த நடை எங்கே? அவருக்கு வேண்டியது அந்த நடைதானே. நின்ற படத்தில் தோள் இறங்கியிருக்கிறதா, சும்மா சாய்ந்திருக்கிறாளா என்று எந்தக் காவல்காரனாலும் சொல்ல முடியாது.

மறுநாளும் அதேதான். அதற்கு அடுத்த நாளும். தபால்காரன் வந்தால் ஓடுகிறது. பூனை வந்தால் ஓடுகிறது. மத்தியானம் ஷெஃபாலி வெளியே காலை வைத்தால் நிற்கிறது.

கேட்டில் உட்கார்ந்த காலத்தில் அவர் கற்றது ஒன்று உண்டு. ஓட்டைக்கு முன்னால் எவனாவது வந்து மறைத்து நின்றால் அவனை விட்டுவிடு, அவனுக்குப் பின்னால் போகிறவனைப் பிடி. சும்மா எவனும் மறைக்க மாட்டான். ஆகவே படம் தானாக நிற்கவில்லை, யாரோ நிறுத்துகிறார்கள். இவள் போகும்போது நின்றால் இவளுக்காக நிற்கிறது. அவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற மனுஷன், இதை மட்டும் சந்தேகப்படாமல் விட்டார்.

பை விஷயத்துக்குப் பழைய வழிதான். தான் கை போட முடியாது. பெண் காவலாள் வேண்டும்.

"ஏட்டி, அவ போகையில பையைப் பாரு. சும்மா பேச்சுக் கொடுத்துக்கிட்டே உள்ள கையை விடு."

கோமதி கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுக்குங்க இந்தப் பாவம்? பத்து வருஷமா வாரா."

"பத்து வருஷமா வாரவனுக்குத்தான் பரண் எங்க இருக்குன்னு தெரியும். நீ பாரு."

அன்று மத்தியானம் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் இல்ல. ஒரு பழைய சேலையும் வெத்தலப் பெட்டியும்" என்றாள். அவள் இல்லை என்றால் இல்லைதான். அதற்கு மேல் பேச்சு கிடையாது. அப்படியானால் ஷெஃபாலி பெரிய கை. பையில் வைக்காமல் வேறு எங்கேயோ வைக்கிறாள். அதற்கும் நடையைத்தான் பார்க்க வேண்டும். அதற்குப் படம் ஓட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அர்ஜுனன் வந்தான். ஷெஃபாலிக்கு அன்று விடுமுறை. படம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அவன் பெட்டியை அணைத்துப் போட்டான், படத்தின் தரத்தைக் குறைத்தான், என்னவோ அலைவரிசையை மாற்றினேன் என்றான்.

"இப்ப நல்லா ஸ்மூத்தா வருது பாருங்கப்பா."

"இப்ப வரும்டே. அவ போறப்ப பாரு."

"அவ போறதுக்கும் வைஃபைக்கும் என்னப்பா சம்பந்தம்? அவ என்ன ஜாது, மந்திரம் பண்றாளா?"

"ஜாது இல்ல. வேலை தெரிஞ்சவ."

திங்கட்கிழமை மத்தியானம் படம் நின்றது.

இணைப்பு கொடுத்த கேபிள்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து வயரை மாற்றினார். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு இரும்பு அலமாரியைப் பார்த்து, "தாதா, இதுதான் சிக்னலைத் தின்கிறது" என்றார். அலமாரியை இருவருமாகத் தள்ளி அடுத்த அறைக்குக் கொண்டுபோனார்கள். சிவலிங்கத்துக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வெளியாள் வந்திருந்ததால் கோமதி டீ, பிஸ்கட் என்று முன் அறையிலேயே நின்றாள். அன்று ஷெஃபாலி போனபோது படம் நிற்கவில்லை. கேபிள்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். சிவலிங்கம் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். ஆள் வந்திருப்பது தெரிந்து சும்மா போய்விட்டாள். எவ்வளவு சூது.

மறுநாள் படம் நின்றது.

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. அலமாரி போன இடம் சுவரில் வெள்ளையாகத் தெரிந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. படியேறி தத்தா பாபு வீட்டுக்குப் போய், அவர் மனைவியை அண்ணி முறை வைத்து அழைத்து வங்காளத்தில் சொன்னார். "போதி, உங்க வீட்டுல வேலை செய்யறவ மேல ஒரு கண் வைங்க. நான் பேர் சொல்லலை."

பேர் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டில் வேலை செய்கிறவள் ஒருத்திதான். மறுநாள் காலை தத்தா வீட்டில் ஷெஃபாலியை நிறுத்திவிட்டார்கள். துர்கா பூஜைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த சமயம். பூஜைக்கு முன்னால் வேலையை விட்டு நிறுத்தினால் அந்தப் பேட்டையில் அதற்கு ஒரே அர்த்தம்தான், திருட்டு. அந்த அர்த்தம் தெருவைச் சுற்றி வர ஒரு நாள் போதும். அப்புறம் அவள் பாத்திரம் கழுவ வேறு பேட்டைதான் பார்க்க வேண்டும்.

ஷெஃபாலி அழவில்லை. இவர்கள் வீட்டு வேலையை முழுக்க முடித்தாள். தரையைத் துடைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பின்கதவு வழியாகப் போகாமல் முன் அறைக்கு வந்து அவர் நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

"மேஷோமஷாய், மேல என்ன சொன்னீங்க?"

"பார்த்ததைச் சொன்னேன்."

"என்ன பார்த்தீங்க?"

பார்க்க முடியவில்லை என்பதுதானே வழக்கே. "நீ போறப்ப மட்டும் படம் நின்னு போவுது."

"படம் நின்னா நான் திருடியா? நேத்து கரண்ட் போச்சே, அதையும் என் பையிலதான் போட்டுக்கிட்டுப் போனேனா?" பையைத் தோளிலிருந்து இறக்கி அவருக்கு முன்னால் நீட்டினாள். "இந்தாங்க. பாருங்க."

சிவலிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் பார்க்க மாட்டேன். கோமதி, இங்க வா."

கோமதி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஷெஃபாலி பையை அவள் பக்கம் திருப்பினாள். "மாஷிமா, நீங்களே பாருங்க. பார்த்துட்டு உள்ள என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

கோமதி கையை உள்ளே விட்டாள். கை உள்ளே கொஞ்ச நேரம் நின்றது. வெளியே எடுத்தபோது அவள் முகம் தரையைப் பார்த்தது.

"ஒண்ணும் இல்லங்க."

ஷெஃபாலி அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையை சிவலிங்கம் கவனித்தார். பிடிபட்டவனும் பிடிபடாமல் தப்பியவனும் பார்க்கிற பார்வைகள் அவருக்குத் தெரியும். இது இரண்டிலும் சேராமல் இருந்தது. நினைத்ததைவிட ஆழமான ஆள் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

"நாளையிலேர்ந்து நான் வரலை" என்று சொல்லிவிட்டு ஷெஃபாலி போனாள்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. பாத்திரம் தொட்டியில் கிடந்தது. சிவலிங்கம் பழக்கத்தில் மத்தியானம் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். பார்க்க ஒன்றும் இல்லை. சந்தில் ஒரு காக்கை மட்டும் எதையோ கொத்திக்கொண்டிருந்தது. திருடி போய்விட்டாள், இனிப் படம் நிற்காது என்று அவர் நிம்மதியாகச் சாய்ந்தபோது காக்கை பறக்க எழும்பியது. இறக்கையை விரித்தபடி அந்தரத்தில் நின்றது.

சிவலிங்கம் நிமிர்ந்தார். காக்கை இறங்கவும் இல்லை, போகவும் இல்லை. ஷெஃபாலி இல்லை. பை இல்லை. கேட் சாத்தியிருக்கிறது. படம் நிற்கிறது.

எழுந்து வெளியே போய்ப் பார்க்கலாம் என்று சமையலறைப் பக்கம் நடந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கோமதி தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்ல மாமி, இன்னைக்கு ஷெஃபாலி வரல்ல. தினமும் அவ வாசல் இறங்குனதும் நான் உங்களுக்குப் போன் போடுவேனே, இன்னைக்கு ஆளே இல்ல... மொளகாப்பொடி ரெண்டு பாட்டிலும் அரைச்சு அப்படியே இருக்கு. சாம்பார்ப்பொடி கேட்டாங்களே உங்க குவார்ட்டர்ஸ்ல, அதுவும் இருக்கு. கொடுத்தனுப்பத்தான் வழியில்ல."

அந்த மாமி யார் என்பதும் தெரிந்துபோனது. நாலு தெரு தள்ளி பேங்க் குவார்ட்டர்ஸில் இருக்கிற பட்டாபிராமனின் மனைவி ஜகதாம்பாள். கோயிலில் பார்த்தால் தன்னைப் பார்த்து எதற்கு அப்படிச் சிரிக்கிறாள் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் உண்டு.

சத்தம் போடாமல் திரும்பி நாற்காலிக்கு வந்தார். உள்ளே பேச்சு முடிந்து போனை வைக்கிற சின்னச் சத்தம் கேட்டது. படத்தில் சந்து காலியாக ஓடியது. காக்கை எப்போதோ போயிருந்தது.

கோமதி கொண்டுவந்து தாங்கியில் வைத்துவிட்டுப் போன பிறகு கார்ட்லெஸ் போனை அவரே எடுத்து மகனுக்கு அடித்தார். கண் திரையிலேயே இருந்தது. கேட்டுக்கு மேல் ஆடிக்கொண்டிருந்த கொடித் துணி ஆட்டத்தை நிறுத்தியது.

"டே அர்ஜுனா, போனைத் தூக்குனா படம் நிக்குமா?"

"எந்த போன்லேர்ந்து பேசறீங்கப்பா?"

"உன் பொண்டாட்டி வாங்கித் தந்தது."

அந்தப் பக்கம் நெற்றியில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. "ஐயோ, அந்தக் கார்ட்லெஸ்ஸா! அதுவும் வைஃபையும் ஒரே அலைவரிசைப்பா. அதுல யாராவது பேசினா இது திக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வேற வச்சிருக்கேன். எனக்கு ஏன் இது தோணலை! போன் தாங்கியைத் தூக்கிக் கிச்சன்ல வைங்க, சரியாயிடும். சரி, தினமும் அந்த டைமுக்கு யாருப்பா போன் பேசறா?"

"உங்கம்மா."

"யார்கிட்ட?"

"ஊர்கிட்ட" என்று சொல்லிப் பேச்சை முடித்தார்.

சமையலறைக்குப் போனார். கோமதி திரும்பிப் பார்த்தாள். அவர் கையில் போன் இருப்பதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறைக்கவில்லை. உளுந்து டப்பாவுக்குப் பின்னால் இருந்த துணியை விலக்கினாள். ஹார்லிக்ஸ் பாட்டில்கள், வாய் வரை பொடி, மூடிக்கு மேல் துணி கட்டியிருந்தது.

"எத்தனை நாளா?" என்றார்.

"நீங்க ரிட்டையர் ஆனதுலேர்ந்து. இனிமே யாரு என்ன சொல்லப் போறாங்கன்னு நெனச்சேன். கேட்டா வேண்டாம்னுதானே சொல்லுவீங்க."

"நேத்து பைக்குள்ள கையை விட்டியே. என்ன இருந்தது?"

கோமதி துணியைத் திரும்பப் பாட்டில்கள் மேல் இழுத்தாள்.

"கேக்கேன்லா. என்ன இருந்தது?"

"ரெண்டு பாட்டில்."

"இல்லன்னு சொன்ன."

"ஆமா. சொன்னேன்." அவள் குரல் உடைந்தது. "அவ என்னை நம்பித்தாங்க பையை நீட்டுனா. நான் சொல்லுவேன்னு நெனச்சா. எனக்கு உங்களைப் பார்த்ததும் நாக்கு எழும்பல."

சிவலிங்கம் முக்காலியில் உட்கார்ந்தார். அத்தனை வருஷமும் அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் இருந்தவளை அவர் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அவள் எத்தனை பேரை இல்லை என்று சொல்லி அனுப்பினாளோ. எத்தனை பேரை உண்டு என்று சொன்னாளோ. அந்த நினைப்பு ஒரு பக்கம் போக, வேறொன்று உறுத்தியது. தோள் இறங்கியதை அவர் கண் சரியாகத்தான் பார்த்திருந்தது. பையில் கனம் இருந்தது. அவர் வீட்டுச் சாமான்தான் போனது. எல்லாம் சரி. ஆள் மட்டும் திருடி இல்லை.

"நீ போயி அவளைக் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

"மேல தத்தா வீட்டுல யாரு சொல்லுறது?"

அதுதான் இடித்தது. ஷெஃபாலி திருடி இல்லை என்று அங்கே சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் நம்ப மாட்டார்கள். பையில் போனது என்ன என்று சொல்ல வேண்டும். அதாவது கேட் சிவலிங்கம் தன் வாயால், என் பெண்சாதி வீட்டிலிருந்து பொட்டலம் அனுப்புகிறாள் என்று சொல்ல வேண்டும்.

ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். மூடினார். படியேறினார்.

தத்தா பாபுவின் மனைவி கதவைத் திறந்தாள். சிவலிங்கம் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றார். அவருடைய வங்காளம் பட்டறை கேட்டில் கற்ற வங்காளம். "நில்", "திற", "போ" எல்லாம் சுத்தமாக வரும். இந்த மாதிரி விஷயத்துக்கு அதில் வார்த்தை போதவில்லை.

"போதி. ஷெஃபாலி சோர் இல்லை. இதைத்தான் கொண்டுபோனா. என் பௌ செய்யற மசாலா. அவ விக்கறா. ஷெஃபாலி கொண்டுபோய்க் கொடுக்கறா. எனக்குத் தெரியாது. தப்பு என்னோடது."

அந்த அம்மாள் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஓ மா! சாம்பார் மசாலாவா? இவ்வளவு நாளா கீழேயே வச்சுக்கிட்டு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே கோமதி தீதி?" என்றவள், பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப ஷெஃபாலியை நான் சும்மாவா நிறுத்தினேன்? பூஜை நேரத்துல? நீங்க சொன்னதை நம்பித்தானே?" என்றாள்.

அவர் படியிறங்கினார். அந்தப் பாட்டில் திரும்பி வரவில்லை.

கோமதி இரண்டு தரம் தேடிப் போன பிறகு ஷெஃபாலி வந்தாள். கோமதி வேலைக்கு வா என்று சொல்லவில்லையாம். ஷெஃபாலி வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாளாம். அதற்காக வந்தாள். தத்தா வீட்டுக்கு மட்டும் போக மறுத்துவிட்டாள். அந்த அம்மாள் பூஜைக்குக் கொடுக்கிற புதுச் சேலையோடு இறங்கி வந்து கேட்டபோதும் தலையை ஆட்டிவிட்டாள்.

சிவலிங்கம் தன் கையாலேயே வயர் இழுத்து, சுவரோரம் ஆணியடித்து, போன் தாங்கியைச் சமையலறைக்கு மாற்றினார். அர்ஜுனன் சொன்னது சரிதான். கோமதி எவ்வளவு நேரம் பேசினாலும் இப்போது படம் தண்ணீர் மாதிரி ஓடியது.

மத்தியானம் ஷெஃபாலி பின்கதவைத் திறந்தாள். படியிறங்கினாள். நடையின் ஒவ்வொரு அசைவும் தெரிந்தது. வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. மூன்று பாட்டில் இருக்கும் என்று சிவலிங்கம் நினைத்துக்கொண்டார். சந்தின் நடுவில் வந்ததும் அவள் நின்றாள். படம் நிற்கவில்லை, அவள்தான் நின்றாள். நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கி, வாயை இரண்டு கையாலும் அகல விரித்து, கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு மாட்டிக்கொண்டு போனாள்.

மறுநாளும் அதையே செய்தாள். அதற்கு அடுத்த நாளும். முகத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை. ஒரு வேலை மாதிரி செய்தாள், தரை துடைக்கிற மாதிரி.

"அவகிட்ட சொல்லுட்டி. அதெல்லாம் வேண்டாம்னு."

"நான் சொன்னேன். மேஷோமஷாய் பார்க்கணும்லா, பார்த்துக்கட்டும்னு சொல்லுதா."

பார்க்காமல் எழுந்து போகலாம். அது அவரால் முடியவில்லை. வெளியே போகிறவரைப் பார்க்காமல் இருக்க அந்த உடம்பு படிக்கவே இல்லை. ஒவ்வொரு மத்தியானமும் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு மத்தியானமும் ஒரு பெண்பிள்ளையின் பை அவர் கண்ணுக்கு நேரே திறந்து நின்றது. பட்டறையில் ஒரு நாளும் அவர் செய்யாத காரியம் தினமும் நடந்தது.

பூஜை முடிந்து பந்தலைப் பிரிக்கிற வாரத்தில் ஒரு நாள், கோமதி கடைக்குப் போயிருந்தபோது, சுவரில் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வயரைச் சுருட்டினார். போன் தாங்கியைத் திரும்ப ஷோகேஸ் மேல், வைஃபை பெட்டியை ஒட்டி வைத்தார். கோமதி வந்து பார்த்தாள். மத்தியானம் ஷெஃபாலி பையை மாட்டிக்கொண்டதும், வழக்கம்போல ஜகதாம்பாளுக்குப் போன் போட்டாள்.

படத்தில் ஷெஃபாலி ஒரு காலைப் படியில் வைத்து நின்றாள். அடுத்தது கேட்டுக்கு வெளியே முதுகு.

ஞாயிற்றுக்கிழமை வந்த அர்ஜுனன் ஷோகேஸைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "அப்பா! இதை எதுக்கு மறுபடி இங்க வச்சீங்க? படம் திரும்பத் திக்குமே."

"திக்கட்டும்."

"அப்ப கேமரா எதுக்குப்பா?"

"வாரவனைப் பார்க்க" என்றார் சிவலிங்கம். பால்காரன் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தான். அவர் நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "டே, இவன் கேன் நேத்தைவிட லேசா இருக்கே, கவனிச்சியா?"